ஒரு செம்பு பழைய மழை

பினாங்கில் என் அட்டைப்பெட்டியைத் திறந்த சுங்க அதிகாரி, உள்ளே இருந்த பாட்டில்களை ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். மூடியைத் திருகி முகர்ந்தார். கடைசியில் ஒன்றைத் தலைகீழாகக் கவிழ்த்துக் குலுக்கினார். ஒரு சொட்டும் விழவில்லை.

“எல்லாம் காலியா?” என்றார் ஆங்கிலத்தில்.

“ஆமாம். மழைத் தண்ணீர் பிடித்துப் போக வந்திருக்கிறேன்.”

அவர் பக்கத்து மேஜைக்காரரிடம் மலாயில் ஏதோ சொல்ல, இருவரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். மூட்டை தூக்க வந்து நின்ற தமிழர் எனக்காக அதை மொழிபெயர்த்தார். “உங்க ஊருல மழையே இல்லையான்னு கேக்குறாரு அண்ணே.”

இல்லைதான். அது எண்பதுகளின் தொடக்கம். மெட்ராஸில் தெருக் குழாயைத் திறந்தால் காற்று மட்டும் வந்த கோடை. என் மனைவி குடங்களை வரிசையில் போட்டுவிட்டுத் தண்ணீர் லாரிக்குக் காத்திருந்த நேரத்தில், நான் கடல் தாண்டி இன்னொரு ஊரின் மழையை விசாரிக்கப் புறப்பட்டிருந்தேன். அவளிடம் நான் இதை விளக்கிய விதத்தில் எனக்கே திருப்தி இல்லை.

நான் வேலை பார்த்த ஆய்வுக்கூடத்தில் மழையின் பூர்வீகத்தைப் படித்துக்கொண்டிருந்தோம். தண்ணீர் என்றால் தண்ணீர்தானே என்று தோன்றும். ஆனால் தண்ணீரில் உள்ள ஆக்சிஜன் அணுக்களில் பெரும்பாலானவை லேசானவை, வெகு சில மட்டும் கொஞ்சம் கனமானவை. இந்த ரகங்களைத்தான் ஐசோடோப்புகள் என்கிறோம். கடல்நீர் ஆவியாகும்போது லேசானது முண்டியடித்துக்கொண்டு முதலில் கிளம்பிவிடும். மேகம் மழையாகும்போது கனமானது முதலில் இறங்கிவிடும். அதனால் நாள் கணக்கில் கொட்டித் தீர்க்கிற பெருமழை லேசாக இருக்கும். வறண்ட மாதத்தில் எப்போதாவது விழுகிற தூறல் கனமாக இருக்கும். ஓர் ஊரின் மழையை மாதாமாதம் சேர்த்து அளந்தால், மேகம் எங்கிருந்து வந்தது, வழியில் எவ்வளவு கொட்டிவிட்டு வந்தது, பருவம் எப்படி மாறுகிறது என்றெல்லாம் சொல்ல முடியும்.

பினாங்கில் எங்களுக்காக மழை பிடித்தவர் பரமேஸ்வரி டீச்சர். பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்துகிறவர். தெரிந்தவர் மூலம் கேட்டபோது, சம்பளம் இல்லாத இந்த வேலையை ஆசையோடு ஏற்றுக்கொண்டவர். அவர் வீட்டுப் பின்புறத்தில் ஒரு புனல், அதன் கீழே ஒரு பிளாஸ்டிக் கேன். கேனுக்குள் கொஞ்சம் பாரஃபின் எண்ணெய் இருக்கும். அது பாலாடை மாதிரி தண்ணீரின் மேல் மிதந்து, ஆவியாகாமல் காப்பாற்றும். மாதம் முடிந்ததும் கேனின் அடியில் உள்ள குழாயைத் திறந்து தண்ணீரை அளந்து, சின்ன பாட்டில் ஒன்றில் நிரப்பி எங்களுக்கு அனுப்பிவிட வேண்டும்.

அனுப்பினார். வந்த தண்ணீர்தான் சரியில்லை. வறண்ட மாதங்களில் கனமாக இருக்க வேண்டிய தண்ணீர், பெருமழைத் தண்ணீர் போல லேசாக இருந்தது. மூன்று வருடமும் அப்படியே.

எங்கள் ஆய்வுக்கூடத் தலைவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு தீர்ப்புச் சொன்னார். “மழை இல்லாத மாதத்தில் அரை பாட்டில் அனுப்ப அந்த அம்மாவுக்கு வெட்கம். குழாய்த் தண்ணீரை ஊற்றி நிரப்பிவிடுகிறார்.” குழாயில் வருவது நீர்த்தேக்கத்துத் தண்ணீர். நீர்த்தேக்கத்தில் நிற்பது பெருமழைக் காலத்துத் தண்ணீர், அதாவது லேசானது. அவர் சொன்னது அச்சாகப் பொருந்தியது.

“மாதம் முடிகிற அன்று பக்கத்தில் நின்று பாருங்கள். அவர் வீட்டுக் குழாயிலிருந்து ஒரு பாட்டில் தெரியாமல் பிடித்து வந்துவிடுங்கள். ஊற்றுகிறார் என்று தெரிந்தால் கேனையும் கழற்றிக்கொண்டு வாருங்கள்” என்றார். என் முனைவர் பட்டம் முழுக்க அந்தக் கேனில்தான் கிடந்தது. பினாங்கைத் தள்ளிவிட்டால் மூன்று வருட உழைப்பும் சாக்கடைக்குப் போகும். அதைவிடக் கொடுமை, முகம் பார்த்திராத ஒரு டீச்சர் வீட்டில் தங்கிச் சாப்பிட்டுக்கொண்டே அவரை வேவு பார்ப்பது. ஆட்டோக்காரரிடம் மீதிச் சில்லறை கேட்கவே எனக்கு நாக்கு எழாது.

டீச்சர் வீடு ஆயர் ஈத்தாம் பக்கம். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, அவரிடம் பேச்சை எப்படித் தொடங்குவது என்று யோசித்தேன். யோசித்தபடியே தூங்கிப்போனேன். விழித்தபோது பஸ் மலைப்பாதையில் வளைந்து வளைந்து இறங்கிக்கொண்டிருந்தது. பக்கத்து இருக்கைக்காரர் தன் கால்களுக்கிடையில் டுரியான் பழ மூட்டையை இடுக்கிக்கொண்டிருந்தார். முட்கள் என் முழங்காலில் குத்தின. மணம் மூளையில் குத்தியது.

“மாஸ்டர், பாலிக் புலாவ் வந்தாச்சு. இதுதான் கடைசி, எறங்குங்க” என்றார் கண்டக்டர். ஆயர் ஈத்தாம் எப்போதோ பின்னால் போய்விட்டதாம். “நல்லாத் தூங்குனீங்க, எழுப்ப மனசு வரல லா.” பேச்சின் வாலில் ‘லா’ ஒட்டுவது அந்த ஊர்ப் பழக்கம்.

திரும்புகிற பஸ்ஸுக்காகச் சந்தை ஓரத்தில் நின்றபோது மழை பிடித்துக்கொண்டது. மெட்ராஸ்காரனுக்கு அது மழையாகவே தெரியவில்லை. வானத்தில் யாரோ மதகைத் திறந்துவிட்ட மாதிரி இருந்தது. தெருவில் ஒருவரும் குடம் எடுத்துக்கொண்டு ஓடவில்லை. பழம் விற்ற சீனத்து அம்மா அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. என்னைப் பிடித்து உட்காரவைத்து ஒரு டுரியானைப் பிளந்து கையில் கொடுத்தார். மறுக்க மொழி தெரியாததால் சாப்பிட்டேன். முதல் சுளையில் தப்பி ஓடத் தோன்றியது. மூன்றாவது சுளையை நானே கேட்டு வாங்கினேன்.

டீச்சர் வீட்டுக் கதவைத் தட்டியபோது தொப்பலாக நனைந்திருந்தேன். பெட்டியிலும் என் வாயிலும் டுரியான் வாடை. ஒல்லியான, கண்ணாடி போட்ட, ஐம்பதை நெருங்கும் பெண்மணி கதவைத் திறந்து என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“பாலிக் புலாவ் போயிட்டீங்களா? எல்லாரும் மொத வாட்டி போறதுதான். உள்ள வாங்க தம்பி, தலையத் துவட்டுங்க. பசியாறலாம்.”

என் குற்றவாளி இப்படித்தான் அறிமுகமானார்.

டீச்சரின் தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே குமாஸ்தாவாக வந்தவர். மூன்று தலைமுறையில் பேச்சு பினாங்குப் பேச்சாகிவிட்டது. சமையல் மட்டும் கப்பல் ஏறி வந்த மாதிரியே இருந்தது. இரவு இடியாப்பமும் சொதியும். தேங்காய்ப்பாலில் மஞ்சள் மிதக்கும் அந்தச் சொதியைக் குடிக்கவே ஒரு முறை பினாங்கு போகலாம். தட்டில் இடம் தெரிந்தால் இடியாப்பம் விழுந்தது. கோப்பையில் தேநீர் பாதிக்குக் கீழே இறங்கினால் மறுபடி நிரம்பியது. “இன்னும் கொஞ்சம் தம்பி” என்று அவர் சொல்லச் சொல்ல, நான் அவர் முகத்தைப் பார்க்காமல் தட்டையே பார்த்தேன். புது பாட்டிலும் எண்ணெயும் கொடுக்க வந்திருப்பதாகத்தான் சொல்லிவைத்திருந்தேன். குழாய்த் தண்ணீர் பிடிக்க வேண்டிய பாட்டிலைச் சட்டைகளுக்கு நடுவில் ஒளித்துவைத்துவிட்டுப் படுத்தேன்.

மறுநாள் டீச்சர் பள்ளிக்கூடம் போய்விட்டார். வீட்டில் நானும் குழாயும் தனியாக இருப்பதாக நினைத்தேன். பாட்டிலை எடுத்துக்கொண்டு சமையலறை வாசல் வரை போனேன். அதற்குள் டீச்சரின் கணவர் நடராஜா அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டு, “தம்பி, வாங்க, நாசி கண்டார் சாப்பிட்டிருக்கீங்களா?” என்றார். துறைமுக அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பேச ஆள் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்தவர். பாட்டிலை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு தலையாட்டினேன்.

கடை ராமநாதபுரத்துப் பாய் ஒருவருடையது. சோற்றின் மேல் இந்தச் சட்டியில் ஒரு கரண்டி, அந்தச் சட்டியில் ஒரு கரண்டி என்று குழம்புகளை ஊற்றிக் குளமாக்கிவிட்டார். எந்தக் குழம்பு எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. ஆனால் நம் ஊரில் எந்தக் குழம்புக்கும் இந்த ஆழம் கிடையாது. எப்படி என்று கேட்டேன்.

“சட்டிய நாங்க வழிச்சு எடுக்குறதில்ல தம்பி” என்றார் பாய் பெருமையாக. “அடியில கொஞ்சம் கெடக்கும். அதுமேலதான் புதுசு. நேத்து குழம்பு இன்னைக்குக் குழம்ப இழுத்துட்டு வரும்.”

சுகாதாரத்தைப் பற்றி யோசிக்க வேண்டாம் என்று முடிவுசெய்து, இன்னொரு தடவை சோறு வாங்கிக்கொண்டேன். அன்றும் குழாய்த் தண்ணீர் பிடிக்கவில்லை.

மாதத்தின் முதல் நாள் விடிந்தது. எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை. டீச்சர் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, “வாங்க தம்பி, இன்னைக்குக் கேன் எறக்குற நாளு. உங்க ஆளுங்க யாரும் இதைப் பாத்ததில்லல்ல?” என்று உற்சாகமாக அழைத்தார். தூக்குமேடைக்குத் துணை போகிறவன் போலப் பின்னால் போனேன்.

அவர் வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. கேனின் குழாயைத் திறந்து தண்ணீரை அளவு ஜாடியில் பிடித்தார். கண் அதன் மட்டத்துக்கு வரும்படி குனிந்து அளவைப் படித்தார். ஜாடி ஜாடியாக வாளியில் ஊற்றிச் சேர்த்தார். பாட்டிலை அதில் முக்கி, ஒரு காற்றுக் குமிழிகூட இல்லாமல் நிரப்பி மூடினார். கேனைக் கழுவினார், துணியால் துடைத்தார், காயவைத்தார், புது எண்ணெய் விட்டார். ஒரு வார்த்தை குழாய்த் தண்ணீர் பற்றி இல்லை. எனக்கு மூச்சு சீராக வரத் தொடங்கியது.

அப்போது அவர் சுவரோரம் இருந்த எவர்சில்வர் செம்பை எடுத்தார். வாளியில் மிச்சமிருந்த தண்ணீரை அதில் தளும்ப மொண்டு, புனல் வழியாகக் கேனுக்குள் ஊற்றினார். வாளியைச் செடிகளுக்குக் கவிழ்த்துவிட்டு, “முடிஞ்சுது லா” என்று கையைத் துடைத்துக்கொண்டார்.

“அக்கா, இப்ப என்ன ஊத்துனீங்க?”

“மழைத் தண்ணிதான். நீங்க பாத்தீங்களே.”

“அது போன மாசத்துத் தண்ணி. எதுக்கு மறுபடி கேன்ல?”

அவர் என்னைப் பார்த்த பார்வையில், ஒழுங்காக வளர்ந்த பிள்ளைதானா என்ற சந்தேகம் இருந்தது. “கழுவின பாத்திரத்த வெறுசா வைப்பாங்களா தம்பி? இந்த வீட்டுல அரிசி டின்னு, உப்பு ஜாடி எதையும் நான் வெறுசா விட்டதில்ல. அதுவும் தண்ணி பிடிக்குற பாத்திரம். கொஞ்சம் இருந்தாத்தானே மேல வரும்?”

“மாசாமாசமா?”

“மொத மாசத்துலேருந்து.”

“இதே செம்பா?”

“மழைக்குன்னு இத மட்டும்தான் வச்சிருக்கேன்.”

நான் அந்த ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். என் அம்மா அரிசிப் பானையில் ஒரு பிடி விட்டுத்தான் மீதியை எடுப்பாள். என் மனைவி லாரித் தண்ணீர் வருமா வராதா என்ற நாளிலும் குடத்தை முழுக்கக் கவிழ்க்க மாட்டாள். இதை அறியாதவனா நான்? கேனைக் காலி செய்யவும் என்று ஆய்வுக்கூடத்திலிருந்து எழுதிப்போட்டவர்களுக்கு, ஒரு தமிழ் வீட்டில் அது நடக்காது என்று தோன்றவில்லை. படித்த எனக்கும் தோன்றவில்லை.

பாய் கடைச் சட்டிதான் நினைவுக்கு வந்தது. நேற்றைய குழம்பு இன்றைய குழம்பை இழுத்துக்கொண்டு வந்திருக்கிறது. பெருமழை மாதத்தில் கேன் நிரம்ப மழை. அதில் ஒரு செம்பு பழைய தண்ணீர் இருக்கிற இடம் தெரியாது. வறண்ட மாதத்திலோ மொத்த மழையே ஒரு செம்பு தேறாது. அங்கே முன்மாதத்து லேசான தண்ணீர் பாதிக்கு மேல் வந்து உட்கார்ந்துகொள்ளும். அதைத்தான் நாங்கள் குழாய்த் தண்ணீர் என்று படித்திருக்கிறோம். டீச்சர் ஏமாற்றவில்லை. ஒரு சொட்டுகூட ஏமாற்றவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கியது. இரண்டையும் மறைக்கத் தெரியாமல் அவரிடம் எல்லாவற்றையும் விளக்கினேன்.

பூகோள டீச்சர். பாதியிலேயே புரிந்துகொண்டார். “அப்போ ரெண்டு மாசத்து மழையையும் நான் கலந்துட்டேன்” என்றார் வருத்தத்தோடு. பிறகு முகம் மாறியது. “பாட்டில் குடுக்கத்தான் வந்தேன்னீங்க. இதுக்குத்தானா வந்தீங்க?”

நான் தலையாட்டினேன்.

“நான் பைப்பு தண்ணிய ஊத்துறேன்னு நெனச்சிருக்கீங்க.”

“எங்க தலைவர்தான்...”

“நீங்க?”

“நானும்தான் அக்கா.”

அவர் உள்ளே போனார். சமையலறையில் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது, நான் கொண்டுவந்த காலி பாட்டில்களில் ஒன்று அவர் கையில் நிரம்பியிருந்தது.

“பைப்பு தண்ணி. இதையும் உங்க மெஷின்ல போடுங்க. இது எப்படி இருக்கும்னு தெரிஞ்சாத்தானே, நான் அனுப்புனது இது இல்லன்னு சொல்ல முடியும்.”

இரண்டு நாளாக நான் திருட முடியாமல் தவித்த தண்ணீர் அது. வாங்கிக்கொண்டேன். மதியம் சாப்பாடு வழக்கம்போல வந்தது. ஆனால் “இன்னும் கொஞ்சம்” என்ற வார்த்தை வரவில்லை. கோப்பை காலியானது. காலியாகவே இருந்தது.

மறுநாள் நடராஜா அண்ணன் என்னை எதிர்க்கரையில், புக்கிட் மெர்தாஜாமில் இருந்த அவர் தங்கை வீட்டுக்கு அழைத்துப் போனார். ஃபெர்ரியில் ஏறியதும், “அவ கோவம் ரொம்ப நாளு நிக்காது தம்பி. நான் பாக்காத கோவமா?” என்றார். தெற்கே கடலில் புதுப் பாலத்தின் தூண்கள் பாதியில் நின்றன. எதிர்க்காற்றில் கார்களும் சைக்கிள்களும் நாங்களும் ஒன்றாக ஆடிக்கொண்டு போனோம்.

என் சட்டைப்பையில் ஒரே ஓர் எண் இருந்தது. முந்தின நாள், மன்னிப்புக் கேட்கும் தைரியம் இல்லாமல், செம்பை மட்டும் எடுத்து, தண்ணீர் நிரப்பி, அளவு ஜாடியில் ஊற்றி அளந்திருந்தேன். மற்ற எண்கள் மூன்று வருடமாகத் தலைக்குள் குடியிருந்தவை. பழைய தண்ணீரின் கனம் தெரியும், முந்தின மாதத்துப் பாட்டிலில் அளந்ததுதானே. கலந்த தண்ணீரின் அளவும் கனமும் தெரியும். கலந்ததிலிருந்து ஒரு செம்பைக் கழித்தால் போதும். குழம்பில் போட்ட உப்பைத் திரும்ப எடுக்க முடியாது. இங்கே முடியும் போலிருந்தது.

வேர்க்கடலை வாங்கிய காகிதப் பையைப் பிரித்து அதில் கணக்குப் போட்டேன். ஒரு ஜனவரி. அது கனத்தது. அதற்கடுத்த பிப்ரவரி. அதுவும் எங்கே நிற்க வேண்டுமோ அங்கே போய் நின்றது. மற்ற வருடங்களையும் போட்டேன். எல்லாமே வழிக்கு வந்தன. மூன்று வருட மழையும் திரும்பக் கிடைத்துவிட்டது. நான் “அப்பாடா!” என்று கத்தியதில், பக்கத்தில் நின்ற மலாய்க்காரப் பெண்மணி தன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

“என்னா தம்பி, உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?” என்றார் அண்ணன்.

அன்று அவர் தங்கை வீட்டில் என்ன சாப்பிட்டேன் என்று இன்றும் நினைவில்லை. அப்படி நான் மறந்த ஒரே சாப்பாடு அதுதான். மாலை திரும்பியதும் நேராக டீச்சரிடம் போய்க் கடலைப் பையை நீட்டினேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விடைத்தாள் திருத்துவது போல வரி வரியாகப் படித்தார்.

“உங்க தண்ணி சரியான தண்ணி அக்கா. நாங்கதான் சரியில்ல. மன்னிச்சிருங்க.”

அவர் பையை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். “இனிமே கேன் வெறுசாவே இருக்கட்டும். பக்கத்துல செம்ப நெறைச்சு வச்சுடுறேன். வெறும் பாத்திரத்துக்குத் தொணை இருந்தா போதும்.” பிறகு சமையலறைப் பக்கம் திரும்பி நடந்தார். “அடுத்த வாட்டி சந்தேகம் வந்தா நேராக் கேளுங்க தம்பி. சாப்பாட்டுக்கு முன்னாடியே கேட்டுருங்க.”

அன்றிரவு புட்டு. என் தட்டில் இடம் தெரியவே இல்லை.

மெட்ராஸில் தலைவர் அறையில் வைத்துத்தான் பெட்டியைப் பிரித்தேன். நடந்ததைச் சொன்னேன், கணக்கைக் காட்டினேன். கடலைப் பையின் எண்ணெய்க் கறையை முகம் சுளித்துப் பார்த்தாலும், எண்களை இரண்டு தடவை சரிபார்த்தார். “பினாங்கு இருக்கட்டும்” என்றார். அவ்வளவுதான். எனக்கு அது போதும்.

“குழாய்த் தண்ணீர் பிடித்தீர்களா?”

பெட்டியின் அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். டீச்சர் அதைத் துணியில் சுற்றிக் கட்டியிருந்தார். தலைவர் முடிச்சை அவிழ்த்து, பாட்டிலில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தார். வெகுநேரம் படித்தார். பிறகு அதை என் பக்கம் திருப்பினார். கரும்பலகையில் எழுதிப் பழகிய, குண்டு குண்டான தமிழ் எழுத்து.

“பைப்பு தண்ணீர். நான் ஊற்றியது இது ஒன்றுதான். பரமேஸ்வரி.”

தலைவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். “அந்த அம்மாவுக்கு நானே எழுதுகிறேன்” என்றார். அளப்பதற்குத் தேவையான கொஞ்சத்தை எனக்கு ஊற்றிக் கொடுத்துவிட்டு, பாட்டிலைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். அவர் ஓய்வு பெறுகிற வரை அது அவர் மேஜையில்தான் இருந்தது. அறையைப் பெருக்க வருகிறவர் எத்தனையோ முறை கேட்டும், அதைக் காலி செய்ய அவர் விடவில்லை.